கரியில் தங்கியது

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஒரு தச்சருக்குப் பார்வை போனது. நான் போட்ட ஒரு கணக்குக்கு அதில் பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை பொத்திவைத்துப் படிப்பவரைத் திடுக்கிட வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணைக் காப்பாற்ற எங்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த மூன்று மாதமும் நான் வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எம்.டெக் முடித்த கையோடு, பாங்கு பரீட்சை எழுதச் சொன்ன அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். கொதிகலன்களுக்குக் குழாய் பாகங்கள் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி அது. இன்று அந்தச் சாலையில் லாரிக்கு வழிவிட்டே நாள் போய்விடும். அன்று எங்கள் ஷெட்டைத் தாண்டினால் நெல் வயலும் ஏரிக்கரையும்தான்.

பூந்தமல்லியில் பஸ் ஏறி வருவேன். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு ஊர் எல்லையில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் துழாவுவது வழக்கமாகிவிட்டது. என் பையில் கம்ப்யூட்டர் அச்சடித்த தாள்கள் மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒரு கான்ஸ்டபிள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, எல்லாம் நம்பரா கீது?” என்று கேட்டார். ஐஸ் செய்யும் கணக்கு என்றேன். அவர் என் முகத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். அந்த வருடம் அந்தச் சாலையில் யாரும் யாரையும் லேசில் நம்பவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. எங்கள் முதலாளிக்கு ஒரு கனவு இருந்தது. மின்வெட்டு நேரத்தில் எல்லாத் தொழிற்சாலைகளும் டீசல் ஜெனரேட்டர் ஓட்டுகின்றன. அதன் சூடு வீணாக வானத்துக்குப் போகிறது. அந்தச் சூட்டைக் கொண்டே ஐஸ் உறைய வைக்க முடியும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். படித்ததோடு விடாமல் ஷெட்டின் ஒரு மூலையில் அப்படி ஓர் இயந்திரத்தையும் கட்ட ஆரம்பித்துவிட்டார். அதற்குக் கணக்குப் போட ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான்.

இயந்திரம் இதுதான். ஆளுயரத்தில் இரண்டு இரும்பு உருளைகள். அவற்றுக்குள் கொட்டாங்குச்சியிலிருந்து செய்த கரி. கீழே ஒரு பெட்டியில் மெத்தனால் என்ற திரவம். உள்ளே காற்றே இல்லாமல் பம்பு வைத்து உறிஞ்சி மூடிவிடுவோம். கரிக்கு மெத்தனால் ஆவி என்றால் கொள்ளை ஆசை. குளிர்ந்த கரி ஆவியை இழுக்க இழுக்க, கீழே இருக்கும் திரவம் ஆவியாகிக்கொண்டே போகும். ஆவியாகும்போது பக்கத்திலிருக்கும் சூட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போகும். பெட்டியைச் சுற்றி வைத்த தண்ணீர் உறைந்துவிடும். கரி வயிறு நிறைந்ததும் ஜெனரேட்டரின் சுடுதண்ணீரை அதன்மேல் ஓடவிட்டால், குடித்ததைக் கக்கும். கக்கிய ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாகிப் பெட்டிக்கு வரும். ஓர் உருளை குடிக்கும்போது இன்னொன்று கக்கும். புத்தகத்தில் இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். கம்ப்ரஸர் கிடையாது, கடகட சத்தம் கிடையாது. ஒரு முனகல் கூட இல்லாமல் அது பாட்டுக்கு ஐஸ் செய்துகொண்டிருக்கும். அந்த அமைதி எனக்கு அப்போது பிடித்திருந்தது.

அதைக் கட்டியவர் எங்கள் ஃபிட்டர். வல்லம் பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பதை ஒட்டிய வயது. அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் வைத்த வெல்டிங்கில் ஊசிமுனை அளவு ஓட்டை கூட இருக்காது. அவருடைய தம்பிதான் நான் சொன்ன தச்சர். அண்ணனும் தம்பியும் ஒரே வாசலில் இரண்டு வீடாகக் குடியிருந்தார்கள். தம்பி கதவு ஜன்னல்களுக்குப் பாலிஷ் போடுவதில் கெட்டிக்காரர் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார்.

ஜூலை கடைசியில் முதல் மெத்தனால் பீப்பாய் வந்தது. அதோடு வந்த துண்டுக் காகிதத்தை நான்தான் படித்தேன். பீப்பாயில் சிவப்புப் பெயின்டில் மண்டையோடு வரைந்தேன். ஷெட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, “இதைக் குடிச்சா கண் போயிடும். கொஞ்சம் அதிகமானா உயிரே போயிடும்,” என்றேன்.

ஃபிட்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். “சாராயம் மாரியே கீது மேடம். எவனாச்சும் வாய் வெச்சான்னா?”

“ஒரு மூடி போதும் அண்ணா.”

“அப்ப பூட்டு போட்டு சாவிய எங்கிட்ட குடுங்க. நான் பாத்துக்கறேன்.”

கொடுத்தேன். அந்தக் காகிதத்தில் இரண்டாவதாக ஒரு வரி இருந்தது. மூடிய அறையில் இதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தாலும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தாலும் அதே கேடுதான் என்று. அதையும் படித்தேன். எங்கள் ஷெட்டுக்கு இரண்டு பக்கம் சுவரே கிடையாது, காற்று பிய்த்துக்கொண்டு போகும். இங்கே அந்த வரிக்கு வேலை இல்லை என்று நினைத்து அதைச் சொல்லாமல் விட்டேன். நானாக எடுத்த முடிவு அது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பம்பு போட்டு இயந்திரத்துக்குள் சேர்ந்த காற்றை எடுப்போம். காற்றோடு கொஞ்சம் மெத்தனாலும் போய்விடும். அதை ஈடுகட்ட பீப்பாயிலிருந்து ஃபிட்டர் ஊற்றுவார். பாதி நாள் வேலை என்பதால் நான் பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவேன். எத்தனை லிட்டர் ஊற்றினார் என்று அவரே ஒரு நோட்டில் எழுதிவைப்பார். அவருக்கு வசதியாக அந்த நோட்டைத் தமிழிலேயே கட்டம் கட்டிக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை வந்து நான் மற்றக் கட்டங்களை நிரப்புவேன்.

ஆகஸ்டில் தகராறு ஆரம்பித்தது. கணக்கின்படி வர வேண்டிய ஐஸ் வரவில்லை. கண்ணாடிக் குழாயில் தெரியும் மெத்தனால் இவ்வளவு, கரி இந்தச் சூட்டில் இந்த அழுத்தத்தில் வைத்திருக்கக்கூடியது இவ்வளவு என்று கூட்டினால், பம்போடு போனதைக் கழித்த பிறகும் ஊற்றியதற்குக் குறைவாக வந்தது. முதல் வாரம் ஒரு லிட்டர் குறைந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. கசிவாக இருக்குமோ என்று பார்த்தால், உள்ளே வெற்றிடம். ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்ளே இருப்பது வெளியே வராது. காற்றும் கூடவில்லை. அப்படியானால் மெத்தனால் உள்ளேதான் இருக்க வேண்டும். உள்ளே என்றால் கரியில். கரியின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சூடாக்கினாலும் வெளியே வர மறுக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அசட்டுத்தனமான முடிவு என்று சொல்ல முடியாது. கரியில் எப்போதும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும், எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நூறு கிராம் கரிக்கு இரண்டு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நான் அதை வாரா வாரம் ஏறும் எண்ணாக மாற்றி என் சமன்பாட்டில் சேர்த்தேன். சேர்த்ததும் அதிசயம் நடந்தது. என் வளைகோடு நிஜ ஐஸின் புள்ளிகள் மேல் அப்படியே போய்ப் படுத்தது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நோட்டில் புதிதாக ஒரு கட்டம் கட்டி, தலைப்பில் ‘கரியில் தங்கியது’ என்று எழுதினேன். வாரா வாரம் அதன் கீழே எத்தனை லிட்டர் என்று நிரப்பினேன்.

முதலாளி வரைபடத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார். “இந்த ஒரு நம்பருக்கே உனக்கு டாக்டரேட் தரலாம்மா,” என்றார். அவர் ஆள் நல்லவர், புகழ்ச்சியில் மட்டும் தாராளம்.

செப்டம்பரில், கரியில் தங்கியதை வெளியே துரத்துவதற்காகச் சுடுதண்ணீரின் சூட்டை ஏற்றினோம். சூடாக்கும் நேரத்தையும் கூட்டினோம். அந்த மூன்று வாரம் புதிதாக எதுவும் தங்கவில்லை. ஐஸும் கொஞ்சம் கூடியது. செயல்திறன் மேம்பாடு என்று தலைப்புப் போட்டு ஓர் அறிக்கையே எழுதிவிட்டேன். அந்த மூன்று வாரம் தச்சருக்கு வேலை இல்லை, வீட்டில் சும்மா இருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது, தங்குவது மறுபடி ஏறியது. ஈரப்பதத்தின் மேல் பழியைப் போட்டேன். எனக்கு ஒரு காரணம் கிடைக்காமல் போனதே இல்லை.

ஒன்று மட்டும் அப்போதே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். திங்கட்கிழமை நான் அந்தக் கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் ஃபிட்டர் எங்கேயாவது பக்கத்தில் இருப்பார். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டோ, வால்வைத் தடவிக்கொண்டோ. நான் எழுதி முடித்ததும் வந்து எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். எனக்கு டீ சொல்லி அனுப்புவார். கணக்கில் ஆர்வமுள்ள மனிதர் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு மழை நாள் சாயங்காலம் தம்பி சைக்கிளில் வந்தார். அண்ணனைக் கூட்டிப்போக. அப்போதுதான் அவரை முதலில் பார்த்தேன். ஒல்லியான மனிதர், விரல் நகமெல்லாம் பழுப்பு. பக்கத்தில் வந்தபோது சட்டையிலிருந்து ஸ்பிரிட் வாடை அடித்தது. ஓஹோ, ஆசாமி குடிப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அரை அடி தள்ளி நின்றேன். அவர் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

“தலைவலியா?” என்றேன்.

“ஒரு வாரமா விடாம கீது மேடம். வேலை சாஸ்தி. இருவது கதவு, கார்த்திகையில கிரகப்பிரவேசம். இந்த மழை வேற.”

“மழைக்கும் பாலிஷுக்கும் என்ன?”

“ஈரக்காத்து பட்டா பாலிஷ் பால் பூத்துரும் மேடம். வெள்ளையா படலம் வுழும். அதான் அந்த புது வூட்டு ரூம்ல கதவு சன்னல் எல்லாத்தயும் இறுக்க சாத்திக்கினு அடிக்கறேன். சந்துல துணி கூட சொருகி வெச்சிருக்கேன்.”

இதைக் கேட்டு எனக்குப் பிறந்த குஷியை இப்போது நினைத்தால் என்னையே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது. பால் ஏன் பூக்கிறது என்று அவருக்கு நான் பாடம் எடுத்தேன். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, மரம் சில்லிட்டுப் போகிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது, எங்கள் இயந்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

“வாஸ்தவம் மேடம். துணிய புடிக்கற கை வெறச்சிப் போயிரும்,” என்றார் அவர்.

ஆவி மரத்தை விட்டுப் போகிறது என்று சொன்னேனே, துணி சொருகிய அறையில் அது எங்கே போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த ஸ்பிரிட் என்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு ரொம்ப தேங்ஸ் மேடம்,” என்றார். பாடத்துக்கு நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் இயந்திரத்தைப் பார்க்க ஆட்கள் வருவதாக ஏற்பாடு. பால் குளிரவைக்கும் நிலையங்கள் நடத்துகிறவர்கள். முதலாளி ஒரு நாளைக்கு நாலு முறை போன் செய்தார். அந்த வாரத் திங்கட்கிழமை நான் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஃபிட்டர் வந்து நின்றார்.

“தம்பிக்கு கண்ணு மங்கலா கீதாம் மேடம். சனிக்கெழமையிலருந்து. எதுக்கால வெள்ளையா பனி வுழுந்தாப்ல தெரியுதுன்றான். நர்ஸம்மா சொட்டு மருந்து குடுத்துகீறாங்க.”

அந்தத் துண்டுக் காகிதத்தில் ஏறக்குறைய இதே வார்த்தைகள் இருந்தன. “ஏதாவது குடிச்சாரா அண்ணா?” என்றேன்.

“அவனா? கல்யாணத்தன்னிக்கு கோயில்ல சத்தியம் பண்ணவன் மேடம். மோந்து கூட பாக்க மாட்டான்.”

அப்பாடா என்றிருந்தது. குடிக்கவில்லை என்றால் அது இல்லை. “நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க,” என்று சொல்லிவிட்டுத் தாள்களுக்குள் மறுபடி தலையை விட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

அந்த நாலு நாளில் நான் செய்ய நினைத்த காரியம் ஒன்று உண்டு. வருகிறவர்களுக்கு என் எண்ணை நிரூபித்துக் காட்ட வேண்டும். சூடாக்கி முடித்த கரியில் கொஞ்சம் எடுத்து, எடை போட்டு, அடுப்பில் நன்றாகக் காயவைத்து, மறுபடி எடை போட்டால், தங்கியிருந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். நூறு கிராமுக்குப் பதினொன்று குறைய வேண்டும். புத்தகம் சொன்ன இரண்டு, நான் சொன்ன ஒன்பது. புதன்கிழமை காலை உருளையின் மூடியைக் கழற்றச் சொன்னேன்.

ஃபிட்டர் ஸ்பேனரை எடுக்கவில்லை. “இப்ப எதுக்கு மேடம் தொறக்கணும்? எல்லாம் சரியாதான போவுது?”

“கரியில எவ்ளோ தங்கியிருக்குன்னு அவங்களுக்கு எடை போட்டுக் காட்டப் போறேன்.”

அவர் முகம் பேயறைந்தது போல் ஆனது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வழக்கமாக வேலை செய்யும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடுவார். அன்றைக்குப் பாடவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு அடுப்பிலிருந்து கரியை எடுத்துத் தராசில் வைத்தேன். இரண்டு கிராம் குறைந்திருந்தது. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். வேறு இடத்திலிருந்து எடுத்த கரியையும் காயவைத்துப் பார்த்தேன். அதுவும் இரண்டு. புத்தகக்காரர்களின் இரண்டு கிராம் இருந்தது. என்னுடைய ஒன்பது கிராம் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இரண்டு உருளைக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பதினாலு லிட்டருக்குக் கிட்டே வந்தது.

வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கசிவு இல்லை. கரியில் இல்லை. அப்படியானால் அது இயந்திரத்துக்குள் போகவே இல்லை. பழுப்பு நகம், சட்டை வாடை, சந்தில் சொருகிய துணி, கண்ணுக்கு எதிரே பனி. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. எழுந்து உருளைப் பக்கம் போனேன்.

ஃபிட்டர் கழற்றிய மூடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். “அண்ணா, தம்பி எதுல பாலிஷ் அடிக்கிறாரு?” என்றேன்.

“தெரியாத மாரி கேக்கறீங்களே மேடம்.”

“எனக்குத் தெரியாது அண்ணா.”

அவர் நிமிர்ந்தார். “பாலிஷுக்கு அரக்கு கரைக்கற ஸ்பிரிட்டு பர்மிட்டு இல்லாம எங்கயும் கெடைக்கல. தம்பிக்கு வேலை நின்னு போச்சி. ஒரு சனிக்கெழம ஒரு லிட்டரு எடுத்துக்கினு போனேன். மிஷின்ல ஒண்ணு ஊத்திட்டு நோட்டுல ரெண்டு ஊத்தினேன்னு எழுதிட்டேன். அப்பறம் ஒரு திங்கக்கெழம பாத்தா, நீங்க கரியில தங்கியது ஒண்ணுன்னு எழுதறீங்க. ஒடம்பெல்லாம் நடுங்கிப் போச்சி. இன்னொரு வாரம் அரை எடுத்தேன். அரைன்னு எழுதினீங்க. எடுக்காத வாரம் ஒண்ணும் எழுதல. நீங்க கண்டுபுடிச்சிட்டு, நம்மளுக்காவ ஒரு கட்டம் போட்டு மறைக்கிறீங்கன்னு நெனச்சேன் மேடம். தம்பிகிட்டயும் சொன்னேன். தினம் ஜெபத்துல ஒங்க பேருக்கும் ஒரு வார்த்த சொல்லுவான்.”

என் கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. அவர் எடுத்ததை நான் லிட்டர் சுத்தமாக அளந்திருக்கிறேன். அளந்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, சுவரில் ஒட்டி, பாராட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

“விஷம்னு சொன்னேனே அண்ணா,” என்றேன்.

“குடிச்சா தான மேடம் சொன்னீங்க. வாயில படக் கூடாதுன்னு அவங்கிட்ட ஆயிரம் வாட்டி சொல்லிதான் குடுத்தேன். சாப்புடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவுவான்.”

கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் சத்தம் வந்த பக்கம் திரும்பினார், ஆனால் எங்களைத் தாண்டி எங்கோ பார்த்தார். அண்ணன் அவரைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினார். தம்பியின் மனைவியும் வந்து ஏறினார். சென்னை போய்ச் சேரும்வரை அந்தப் பெண் கணவரின் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்ததுமே கேட்டார், “எவ்வளவு குடிச்சே?”

“நான் குடிக்கல டாக்டர்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

நான் பையிலிருந்த கம்ப்யூட்டர் தாளின் பின்பக்கத்தில், தம்பியிடம் கேட்டு, அவர் பாலிஷ் அடித்த அறையின் நீள அகலம், எத்தனை லிட்டர், எத்தனை நாள், ஜன்னல் மூடியிருந்தது என்று எழுதி, காற்றில் எவ்வளவு கலந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அவரிடம் கொடுத்தேன். கீழே மெத்தனால் என்று பெரிதாக எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார். அதன்பிறகு குடித்தாயா என்று தம்பியைக் கேட்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் நான் போட்ட கணக்குகளில் யாருக்காவது உதவியது அது ஒன்றுதான். சிகிச்சையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும்படி மிஞ்சலாம், இன்னொன்று போனது போனதுதான் என்றார். திங்கட்கிழமையே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். திங்கட்கிழமை என்று அவர் சும்மாதான் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை இன்றுவரை ஜீரணமாகவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த ஆட்கள் வந்தார்கள், என் வளைகோட்டைப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் கலங்கினார், ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார். அறிக்கையிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது மட்டும், நிதானமாகத் திருத்தலாம்மா என்றார். திருத்தவில்லை. ஃபிட்டரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். என்னை நிறுத்தவில்லை. நானாக ஜனவரியில் நின்றேன். ஆனால் நான் சொல்ல வந்தது புதன்கிழமை சாயங்காலத்தோடு முடிகிறது.

வார்டுக்கு வெளியே நீள பெஞ்சில் தம்பியின் மனைவி உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவில்லை. ஃபிட்டர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீங்கதான் அந்த மேடமா?” என்றார். “ஒரு மாசமா தினம் வாடையோடதான் வூட்டுக்கு வந்தாரு. கேட்டா பாலிஷ்னு சொல்லுவாரு. எனக்கு தெரியாதா, எங்கப்பாவ பாத்து வளர்ந்தவ நான். சத்தியத்த மீறிட்டாருன்னு ஒரு மாசமா மூஞ்சி குடுத்து பேசல. இப்ப கண்ண வேற போக்கிக்கினு வந்து ஒக்காந்துகீறாரு.”

“அவர் குடிக்கலம்மா,” என்றேன். “ஒரு சொட்டு கூட வாயில படல. மூடின ரூமுக்குள்ள அதோட ஆவியை மூச்சுல இழுத்திருக்காரு. கையில பட்டுக்கிட்டே இருந்திருக்கு. அது எங்க ஷெட்டுலேருந்து வந்தது. மூச்சுல போனாலும் கெடுதல்னு எனக்கு முன்னாடியே தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல. குடிக்காதீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“சன்னல தொறந்து வெச்சிக்கினு அடின்னு நீங்க சொல்லி வுட்டிருந்தா, கேட்டிருப்பாரா?”

பாலிஷ் பால் பூத்துவிடும், இருபது கதவும் வீணாகும், கிரகப்பிரவேசத்துக்கு முடியாது, யார் சொன்னாலும் ஜன்னலைத் திறந்திருக்க மாட்டார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

“கேட்டிருப்பாரும்மா,” என்றேன். “குடிக்காதீங்கன்னு சொன்னேன். கேட்டாரே.”

அவர் எழுந்து உள்ளே போனார்.